டயட்டீஷியன் படிப்பு: பணம் கட்டும் முன்பு தெரிந்துகொள்வோம்



ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில், நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு "பொண்ணை என்ன படிக்க வைக்கிறது?" என்ற பேச்சு கட்டாயம் வரும். நர்சிங், டீச்சர் டிரெய்னிங், கம்ப்யூட்டர் என்று வழக்கமாகச் சொல்லும் வரிசையில் இப்போது "டயட்டீஷியன் படிப்பு" என்பதும் சேர்ந்திருக்கிறது. மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் பக்கத்துக் குழுக்களுக்குப் போகும்போது இதைப் பற்றி எங்களிடம் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள்.

ஒன்று: "சோறாக்கிப் போடறதுக்கு ஒரு டிகிரியா? அதை நானே வீட்டுல சொல்லித் தந்துடுவேனே?"

இரண்டு: "ஆறு மாசத்துல சர்டிபிகேட் குடுக்கறாங்களாம். காலேஜுக்கே போக வேணாமாம். குழுவுல கடன் எடுத்துக் கட்டிடலாமா?"

முதல் கேள்வியால் ஆர்வம் உள்ள பெண்ணின் படிப்பு நின்று போகிறது. இரண்டாவது கேள்வியால் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் போகிறது. இது என்ன படிப்பு, எங்கே படிக்க வேண்டும் என்று சரியாகத் தெரியாததுதான் இரண்டுக்கும் காரணம். அதைத்தான் இந்த இதழில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

டயட்டீஷியன் என்பவர் யார்?

தமிழில் உணவியல் நிபுணர் என்று சொல்லலாம். ஒருவருடைய வயது, எடை, செய்யும் வேலை, இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை முடிவு, வீட்டு வருமானம் எல்லாவற்றையும் பார்த்து, அவர் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர். மருந்து எழுதுவது டாக்டர் வேலை. அந்த மருந்து வேலை செய்கிற மாதிரி சாப்பாட்டை அமைப்பது டயட்டீஷியன் வேலை.

உடம்பு இளைக்கப் பவுடர் விற்பவர் டயட்டீஷியன் ஆக மாட்டார். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவரும் ஆக மாட்டார். நமக்குப் பக்கத்திலேயே வடலூரில் வள்ளலார் 1867ல் தருமச்சாலை தொடங்கி, இன்றுவரை அங்கே அடுப்பு அணையாமல் அன்னதானம் நடக்கிறது. பசித்தவருக்குச் சோறு போடுவது நம் பகுதிக்குப் புதிதில்லை. நோய் உள்ளவருக்கு எந்தச் சோறு, எத்தனை கரண்டி என்று தெரிந்து போடுவதற்குத்தான் தனிப் படிப்பு வேண்டியிருக்கிறது.

வீட்டு அனுபவம் மட்டும் ஏன் போதாது?

மூன்று உதாரணம் சொல்கிறோம். மூன்றும் நம் வீடுகளில் நடப்பதுதான்.

முதலாவது, சிறுநீரக நோய். "உடம்பு சூடு, இளநீர் குடி" என்று சொல்வது நம் வழக்கம். பண்ருட்டிப் பலாப்பழம் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு. நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு இரண்டும் நல்லதுதான். இரண்டிலும் பொட்டாசியம் என்ற தாது உப்பு அதிகம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்த உப்பு சரியாக வெளியேறாது. ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம். பாசமாகக் கொடுக்கும் ஒரு சொம்பு இளநீர் ஆளையே கொண்டுபோய்விடக் கூடும். காய்கறியும் அப்படித்தான். மற்றவர்களுக்கு "காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதே, சத்து போயிடும்" என்கிறோம். பொட்டாசியம் கூடிய நோயாளிக்கோ காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார்கள். ஒரே காய்க்கு ஆளைப் பார்த்து இரண்டு விதமான ஆலோசனை. யாருக்கு எது என்று சொல்ல ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, உழைப்பு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வெளியிட்ட அளவின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும். கடுமையான உடல் உழைப்பு செய்பவருக்கு 3,470 கலோரி வேண்டும். பெண்களுக்கு இதுவே 1,660, 2,720 என்று வருகிறது. சுரங்கத்தில் பாரம் தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், அலுவலகத்தில் உட்காரும் அவருடைய அண்ணனுக்கும் ஒரே அளவுச் சாப்பாடு என்றால் ஒருவருக்குப் பற்றாது, இன்னொருவருக்குத் தொப்பை விழும். அந்தத் தொழிலாளிக்குச் சர்க்கரை நோயும் இருந்து, ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட் என்று மாறி மாறிப் போனால், மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் முட்டிக்கொள்ளும். "சோத்தைக் குறைங்க" என்று பொதுவாகச் சொல்வது இவருக்கு உதவாது. நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது என்ன சாப்பிடுவது, இடைவேளைக்கு டிபன் பாக்ஸில் என்ன வைப்பது, மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் பையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதித் தர ஆள் வேண்டும்.

மூன்றாவது, நம்முடைய ரத்தசோகை. 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் குழுவில் 12 பேர் என்றால் ஆறு பேருக்காவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை. மாதவிடாய் ஆகும் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை. வீட்டில் அதிகம் தேவைப்படுபவர் கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறார். அது போதாதென்று சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். கீரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் பக்கத்தில் டீ கூடாது, எலுமிச்சம்பழம் அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் நல்லது என்று சொல்வதற்குப் பின்னால் வேதியியல் பாடம் இருக்கிறது.

நம் மாநிலத்தில் வேர்விட்ட படிப்பு

இது வெளிநாட்டிலிருந்து வந்த நாகரிகப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில்தான். 1918ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். மில்லில் அதிகம் தீட்டிய பச்சரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களுக்குக் காலில் வலுவில்லாமல் போகும், உடம்பு வீங்கும். தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற வைட்டமின் கிடைக்காததுதான் காரணம். நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசியாக்கினால் அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்த ஒரு அறை ஆராய்ச்சிதான் வளர்ந்து 1958ல் ஐதராபாத்துக்கு மாறியது. இந்திய உணவுப் பொருள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான் என்று இன்று நாம் சொல்வது அந்த அட்டவணையைப் பார்த்துத்தான். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இந்திய உணவியல் சங்கத்துக்கு முதல் தலைவரும் அவரே.

பெண்களுக்கு இந்தப் படிப்பைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் டாக்டர் ராஜம்மாள் பா. தேவதாஸ். 1919ல் செங்கத்தில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியில் மனையியல் படித்து, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1957ல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரிக்கு முதல்வராகவும், 1988ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன பிறகு துணைவேந்தராகவும் இருந்தார். 1992ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். செங்கத்தில் பிறந்த ஒரு பெண் அந்தக் காலத்திலேயே இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

ப்ளஸ் டூவில் வேதியியல், உயிரியல் எடுத்திருந்தால் நல்லது. மனையியல் எடுத்தவர்களையும் சில கல்லூரிகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். பி.எஸ்சி. படிப்புக்குக் கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். "ஊட்டச்சத்தும் உணவியலும்" என்று இருக்கும், "மருத்துவ ஊட்டச்சத்து" என்று இருக்கும், "மனையியல்" என்றும் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் "ஊட்டச்சத்து, உணவுச் சேவை மேலாண்மை, உணவியல்" என்று ஒரு நீளமான பெயரில் படிப்பு உண்டு. கோவை அவினாசிலிங்கம், சென்னை ராணி மேரி கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவை மனையியல் துறைக்குப் பழைய பெயர் பெற்ற இடங்கள்.

முதல் வருடத்தில் உடல் உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன, உணவுப் பொருளின் தன்மை, அடிப்படை ஊட்டச்சத்து, வேதியியல் வரும். பிறகு உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், கர்ப்பிணி, குழந்தை, முதியோர் உணவு, சமுதாய ஊட்டச்சத்து. கடைசியில் நோய்க்கான உணவு, விடுதி மற்றும் மருத்துவமனைச் சமையலறை நிர்வாகம். லேபில் வெறும் சமையல் நடக்காது. 40 கிராம் துவரம்பருப்பை எடை போட்டு, வேகவைத்து, அது எத்தனை கரண்டி வருகிறது, அதில் எவ்வளவு புரதம் என்று எழுத வேண்டும். உயிர்வேதியியல் பாடம் கொஞ்சம் கடினம், பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்த பெண்கள் முதல் செமஸ்டரில் திணறுவது சகஜம். அதைப் பார்த்து "உனக்கு வராது" என்று நிறுத்திவிடாதீர்கள். லீவிலேயே பாட வார்த்தைகளைப் பழகிக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

பி.எஸ்சி.யோடு நின்றால் உதவியாளர் மாதிரி வேலைகள்தான் அதிகம் கிடைக்கும். மருத்துவமனையில் முழு டயட்டீஷியனாக நிற்க எம்.எஸ்சி. அல்லது பி.ஜி. டிப்ளமோ, அதோடு மருத்துவமனை உணவுப் பிரிவில் சில மாதப் பயிற்சி வேண்டும். இவை முடித்தவர்கள் இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வு எழுதித் தேறினால் "பதிவு பெற்ற டயட்டீஷியன்" என்று போட்டுக்கொள்ளலாம். ஆக, ப்ளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து, ஆறு வருடம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் மாறியிருக்கிறது, கவனம்!

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். இங்கிலாந்தில் டயட்டீஷியன் என்ற பெயரைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். நம் நாட்டில் ரொம்ப காலம் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொண்டார்கள். 2021ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் போன்றவர்களோடு டயட்டீஷியனும் ஊட்டச்சத்து நிபுணரும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மாநில, தேசிய அளவில் பதிவேடு, ஒரே மாதிரியான பாடத்திட்டம், குறைந்தபட்சப் படிப்பு நேரம் எல்லாம் இந்தச் சட்டத்தில் உண்டு. சுகாதாரத் தொழில் வல்லுநர் என்று சொல்ல 3 முதல் 6 வருட டிகிரியும், 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பும் வேண்டும். இந்தப் படிப்புக்கான பொதுப் பாடத்திட்டம் 2025ல் வெளியாகியிருக்கிறது.

அதே 2025ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு முடிவு எடுத்தது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது. உணவும் ஊட்டச்சத்தும், மருத்துவ ஊட்டச்சத்தும் உணவியலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முன்பெல்லாம் கல்யாணம் ஆன பெண்கள், வேலைக்குப் போகும் பெண்கள் தபால் வழியில் இதைப் படித்தார்கள். இனி புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த வழி இல்லை. "வீட்டிலிருந்தே டயட்டீஷியன் டிகிரி" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் உஷாராக இருங்கள். ஆறு மாத சர்டிபிகேட்டில் பொது அறிவு கொஞ்சம் வளரலாம், டயட்டீஷியன் வேலை கிடைக்காது.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

சேர்க்கைக்குப் போகும்போது இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் எழுதி வாங்குங்கள்.

1. இந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா?

2. தினமும் கல்லூரிக்கு வரும் ரெகுலர் படிப்புதானா?

3. 2021 சட்டத்தின்படி பதிவு செய்ய இந்தப் பட்டம் செல்லுமா? புதிய பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டார்களா?

4. மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

5. கல்விக் கட்டணம் தவிர லேப், விடுதி, பரீட்சை, பயிற்சி எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?

பதில் மழுப்பலாக வந்தால் அட்வான்ஸ் கட்டாதீர்கள். "இன்னிக்கே கட்டினாத்தான் சீட்டு" என்று அவசரப்படுத்தினால் கட்டவே கட்டாதீர்கள்.

செலவுக்கு என்ன வழி?

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகவும் குறைவு. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 என்று 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது புதுமைப் பெண் திட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் அது விரிவாக்கப்பட்டது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் இது பற்றிக் கேளுங்கள்.

கடன் வாங்க வேண்டி வந்தால் வங்கிக் கல்விக் கடனே நல்லது. ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை அசல் தவணைக்கு அவகாசம் உண்டு. உள்கடனை விண்ணப்பம், பஸ் செலவு, புத்தகம் போன்ற சின்னச் செலவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத் தவணைக் கம்பெனிக் கடனில் மூன்று வருடப் படிப்பைத் தொடங்காதீர்கள். பெண் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே தவணை கழுத்தைப் பிடிக்கும்.

வேலை வாய்ப்பு எப்படி?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனையில் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. அனுபவமும் பதிவும் சேரச் சேரத்தான் கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய இடங்களிலும் டயட்டீஷியன் பணியிடங்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு, போட்டி அதிகம். அங்கன்வாடிகளை மேற்பார்க்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு மனையியல், ஊட்டச்சத்து படித்த பெண்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வாணையம் அறிவிக்கும்போது கவனிக்க வேண்டும். விடுதி, தொழிற்சாலைக் கேன்டீன், டயாலிசிஸ் மையம், உணவுப் பொருள் தயாரிக்கும் நிறுவனம், கல்லூரி ஆசிரியர் பணி என்று வேறு வழிகளும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய ஊர்களில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ரேஷன் அரிசி, கேழ்வரகுக் கூழ், கருவாடு, முருங்கைக்கீரை, பண்ருட்டி முந்திரி இவற்றை வைத்து, நாள் கூலிக் குடும்பத்தின் வருமானத்துக்குள் சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் உணவு சொல்லத் தெரிந்தவர் குறைவு. அந்த அடுப்படியில் வளர்ந்த நம் பெண்ணுக்கு இது பெரிய பலம். அம்மாவின் கைப்பக்குவத்தோடு பாடமும் சேர்ந்தால் அவள் சொல்வதை நோயாளி கேட்பார், கடைப்பிடிக்கவும் முடியும்.

குழுக்கள் செய்ய வேண்டியது

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசும் பொருளாகச் சேர்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். உங்கள் குழுவில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கும் பெண்கள் எத்தனை பேர், என்ன குரூப் என்று ஊக்குநர் கணக்கெடுக்கட்டும். விருப்பம் உள்ள பெண்ணின் அம்மாவோடு குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போய்க் கல்லூரியில் அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டு வரட்டும். நோட்டீஸைப் பார்த்துத் தனியாகப் போய்ப் பணம் கட்டுவதைவிட, நாலு பேர் கூடி விசாரித்துக் கட்டுவது பாதுகாப்பு. கடன் கொடுக்கும்போது அப்படித்தானே விசாரித்துக் கொடுக்கிறோம்? பிள்ளைகள் படிப்புக்கும் அதையே செய்வோம்.